மூத்தவளுக்கு எதிர்க்காற்று

சைக்கிள் கடைக்காரரின் மூத்த மகள் எந்தத் திசையில் மிதித்தாலும் காற்று எதிரேதான் அடிக்கும். தெற்கே போனால் தெற்கிலிருந்து வரும். பாதி வழியில் அவள் திரும்பினால் அதுவும் அந்த நொடியே திரும்பிக்கொள்ளும். காலைத் தரையில் ஊன்றினால் நின்றுவிடும். மறுபடி அவள் ஏறினால் ஒழிய அன்று சாயங்காலம் வரை இலை அசையாது. இதை முதலில் கவனித்தவர்கள் காயலில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே காலையில் கடைக்கு வந்து, "பாப்பா இன்னிக்கு எந்தப் பக்கம் போகுது?" என்று விசாரித்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். வடக்கே அவசரமாகப் போக வேண்டிய ஒருவர் ஒரு பொட்டலம் வேர்க்கடலை கொடுத்து அவளைத் தெற்கே அனுப்பியதும் உண்டு. அவளும் கடலையைத் தின்றபடி போனாள். கடலை தீர்ந்த இடத்தில் திரும்பிவிட்டாள். படகுக்காரர் பாதிக் காயலில் அவளைத் திட்டிக்கொண்டு நின்றார்.

வானிலை நிலையத்துக்கு மாற்றலாகி வந்த அதிகாரி எதையும் சும்மா நம்புகிறவர் அல்ல. நிலையத்து வாசலில் அவளை நாற்பது சுற்று சுற்றச் சொன்னார். கூரைமேல் இருந்த காற்றுத் திசைகாட்டி பம்பரமாகச் சுழன்று, கழன்று, அடுத்த வீட்டுத் துணிக்கொடியில் போய் விழுந்தது. ஒருவேளை காற்று வரப்போகும் பக்கம் இவளுக்கு முன்கூட்டியே தெரிகிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். எட்டுத் திசையையும் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கி, அவளையே எடுத்து அந்தப் பக்கம் மிதிக்கச் சொன்னார். இருபத்தேழு நாள் இப்படி நடந்தது. இருபத்தேழு நாளும் சீட்டில் வந்த பக்கமிருந்துதான் காற்று வந்தது. தலைமையகத்துக்குப் பதினொரு பக்க அறிக்கை அனுப்பினார். அவர்கள் புதிய திசைகாட்டி ஒன்றையும், கருவிகளை ஒழுங்காகப் பராமரிக்கும்படி ஒரு கடிதத்தையும் அனுப்பிவைத்தார்கள். "காரணம் தெரியல. ஆனா சொன்ன நேரத்துக்கு வருது. பஸ்ஸுக்கு இது எவ்வளவோ மேல்" என்று சொல்லி அதிகாரி விஷயத்தை அத்தோடு விட்டார். விட்டதாகச் சொன்னாரே தவிர, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார்.

இளையவள் நான்கு வயது சின்னவள். சைக்கிள் பழகியதே அக்காவின் பின்சக்கரத்தை ஒட்டித்தான். சாண் இடைவெளி விட்டு ஒட்டிக்கொண்டால் காற்று மேலே படாது, பாதி மிதியில் முழு வேகம் கிடைக்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெருவில் அவளுக்கு வால் என்றே பெயர். மூத்தவள் முன்னால் பேச்சில்லாமல் போவாள், வாயைத் திறந்தால் காற்று நிரம்பிவிடும் என்பதால். இளையவள் பின்னால் வாய் ஓயாமல் கதை சொல்லிக்கொண்டு வருவாள். அதில் ஒரு வார்த்தைகூட மூத்தவள் காதில் விழாது, எதிர்க்காற்று எல்லாவற்றையும் பின்னுக்கே அள்ளிக்கொண்டு போய்விடும்.

வருடத்துக்கு ஒருமுறை துறைமுகத்திலிருந்து தெற்கே கலங்கரை விளக்கம் வரை ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயம் நடக்கும். முதலில் காயல் ஓரம், பிறகு பத்து கிலோமீட்டர் காடு, காடு முடிகிற இடத்தில் கழிமுகத்தின்மேல் எண்ணூறு மீட்டர் பாலம், அதற்கப்பால் மணல்மேட்டுச் சாலை. முன்னால் போகிறவர்தான் எல்லோருக்கும் சேர்த்துக் காற்றை வாங்க வேண்டும் என்பதால், ஆளுக்குக் கொஞ்ச தூரம் முறைவைத்து முன்னால் போவது பந்தயக்காரர்களின் வழக்கம். மூத்தவள் கலந்துகொண்ட நாள்முதல் அந்த வழக்கம் செத்தது. அவள் காற்று, அவளே வாங்கட்டும் என்று மற்ற இருபத்துமூன்று பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரே கோடாக ஒட்டிக்கொண்டார்கள். கடைசி ஐந்நூறு மீட்டரில் எல்லோரும் வலமும் இடமும் பிரிந்து அவளைத் தாண்டிப் பறப்பார்கள். ஒன்பது வருடத்தில் இளையவள் ஐந்து முறை ஜெயித்தாள். கோப்பைகள் கடையில் டியூப் அடுக்கும் பலகையில் வரிசையாக நின்றன. மூத்தவளின் ஆகச் சிறந்த இடம் ஆறாவது. ஒரே ஒரு முறை அவள் கேட்டிருக்கிறாள். "ஒரு பத்து கிலோமீட்டர் நீ முன்னாடி வாயேன்டி." இளையவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "உனக்குத்தான் பழகிப்போச்சேக்கா" என்றாள். மூத்தவள் தன் செயினைத் துடைக்கப் போனாள். அதன்பிறகு கேட்கவில்லை.

பத்தாவது பந்தயத்துக்கு முந்தைய நாள் அவளுக்கு முப்பத்தொரு வயது முடிந்தது. செயினுக்கு எண்ணெய் விட்டபடியே அப்பாவிடம் சொன்னாள்: "இந்த வருஷமும் இல்லன்னா சைக்கிளை ஆணியில மாட்டிடுறேம்பா." அப்பா அவள் பிரேக்கைப் பிரித்து மறுபடி பூட்டினார். அவருக்குப் பேச்சு வராத இடங்களில் எல்லாம் ஸ்பேனர்தான் பேசும்.

இங்கே காட்டுக் காவலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடைக்கு முன் தீ பரவாமல் தடுக்கக் காட்டை ஊடறுத்து விட்டிருக்கும் வெற்றுப் பாதையில் சேர்ந்த சருகை எரித்துத் துப்புரவாக்குவது அவர் வேலை. அதற்குக் காற்றில்லாத நாள் வேண்டும். பந்தய நாளைவிட நல்ல நாள் கிடையாது என்று அவர் கண்டுவைத்திருந்தார். மூத்தவள் கலங்கரை விளக்கத்தில் இறங்கித் தேநீர் குடிக்கும்போது காற்று செத்துவிடும். காற்று நின்றால் பந்தயம் முடிந்தது, தீக்குச்சியை உரசலாம். ஒன்பது வருடமாகப் பிசகாத கணக்கு இது. அந்தப் பாதை பாலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வடக்கே இருந்தது.

பத்தாவது வருடம் காட்டுக்குள் நுழைந்து இரண்டு கிலோமீட்டரில் இளையவளின் முன்டயர் வெடித்தது. அவள் விழ, சாண் இடைவெளியில் வந்தவர்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். சக்கரங்கள் கோணின, முழங்கால்கள் கிழிந்தன, சத்தம் காடு முழுக்கக் கேட்டது. மூத்தவளுக்கு மட்டும் கேட்கவில்லை. அவள் காட்டைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஏதோ வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று தோன்றித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. காலை ஊன்றினாள். காற்று நின்றது. கால்மணி நேரம் தங்கைக்காகப் பார்த்திருந்தாள். பிறகு, ஒன்பது வருடம் யார் நமக்காக நின்றார்கள் என்று நினைத்தாள். நினைத்ததும் கோபம் வந்தது, கோபத்தோடு ஏறி மிதித்தாள். அந்தக் கால்மணி நேரத்தில் காவலர் பந்தயம் முடிந்ததென்று தீ வைத்திருந்தார்.

ஒரு கிலோமீட்டர் போனவள் மனசு கேட்காமல் இன்னொருமுறை திரும்பினாள். காட்டின்மேல் கரும்புகை எழுந்து வடக்கே சாய்ந்திருந்தது. சாய்த்தது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தீக்கு வடக்கே தங்கை இருந்தாள். இறங்கி நின்றால் போதாது, மரத்தில் ஏறிய தீ காற்றுக்காகக் காத்திருக்காது. கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் வாசலில் பந்தய முடிவுக்குக் கட்டியிருந்த துணியும் புள்ளியாகத் தெரிந்தது. அவள் சைக்கிளை வடக்கே திருப்பினாள்.

காற்றும் திரும்பியது. புகை நிமிர்ந்து, மெல்லத் தெற்கே சாய்ந்தது. இனி தீ அவளை நோக்கித்தான் வரும். வந்து, ஆளில்லாத அந்த இரண்டு கிலோமீட்டர் மரங்களை எரித்து, கழிமுகத்துத் தண்ணீரில் அவிய வேண்டும். அதுவரை அவள் வடக்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. திரும்பவும் கூடாது, காலை ஊன்றவும் கூடாது. பாலத்தில் ஏறியவள், பிறந்ததிலிருந்து வேகத்துக்காகவே மிதித்தவள், மெதுவாக மிதிக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் மெதுவாக ஓட்டும் போட்டியில் முதல் ஆளாகக் காலை ஊன்றித் தோற்கிறவள் அவள்தான். எண்ணூறு மீட்டரை ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் கடந்தாள். எதிர்க்காற்று நெருப்பின் சூட்டை அள்ளி முகத்தில் கொட்டியது. புருவம் பொசுங்கியது, கைப்பிடியின் ரப்பர் இளகியது. காலுக்கடியில் மீன்கள் கூட்டமாகத் தெற்கே போயின. பாலத்தின் வடகோடிக்கு இரண்டு முழம் இருக்கும்போது கரையோரத்துக் கடைசி மரம் தண்ணீரில் சாய்ந்து சீறி அணைந்தது. அதன்பிறகே அவள் காலை ஊன்றினாள்.

வடக்கே, விழுந்து கிடந்தவர்கள் புகை தங்களை நோக்கி வருவதைப் பார்த்தார்கள், பிறகு அது நிமிர்ந்து விலகிப் போவதையும் பார்த்தார்கள். அப்போது இளையவள் சொன்னது ஒரே வார்த்தைதான்: "அக்கா திரும்பிட்டா." சொல்லிவிட்டு அழுதாள். எதை விட்டுவிட்டு அக்கா திரும்பினாள் என்று அங்கே அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. சாலை ஆறியதும், கோணாத சக்கரம் ஒன்றை இன்னொருவரிடம் வாங்கிப் பூட்டிக்கொண்டு, சாம்பல் நடுவே தனியாக வந்து சேர்ந்தாள்.

மூத்தவள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். இளையவள் இறங்கவில்லை. அவளைத் தாண்டிப் போய், தெற்கே பார்த்து நிறுத்தினாள்.

"ஏறுக்கா. என் பின்னாடி வா."

"முழங்கால்ல ரத்தம் வருதுடி."

"வரட்டும். நீ ஒட்டிக்க."

மூத்தவள் ஏறியதும் காற்று வழக்கம்போல வந்தது. முதல் அடியிலேயே இளையவளின் சைக்கிள் தள்ளாடியது. "ஐயோ, இதுலயா போனே?" என்று கத்தினாள். பின்னால் மூத்தவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. அதுதான் அவளுக்கு முதல் ஆச்சரியம். அப்புறம் தன் செயின் ஓடும் சத்தம் கேட்டது. மணல்மேட்டில் ஏதோ பறவை கத்தியது. வாயைத் திறந்து பார்த்தாள், காற்று நிரம்பவில்லை.

"பின்னாடி இவ்வளவு அமைதியாவாடி இருக்கும்?" என்றாள். இளையவளுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை.

கலங்கரை விளக்கம் வரை மீதியிருந்த ஏழு கிலோமீட்டரையும் இளையவளே முன்னால் இழுத்தாள். கடைசி ஐந்நூறு மீட்டரில் மூத்தவள், பந்தய வழக்கப்படி, பக்கவாட்டில் விலகி, எழுந்து நின்று மிதித்து, தங்கையை ஒரு சக்கர நீளத்தில் தாண்டி ஜெயித்தாள். விட்டுக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவளைத் தெரியாது. தோற்றவள் தரையில் மல்லாந்து படுத்து வயிறு வலிக்கச் சிரித்தாள். நேரம் குறிக்க வந்திருந்த வானிலை அதிகாரி, பந்தய வரலாற்றிலேயே மிகத் தாமதமான வெற்றி என்று நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டார்.

காவலர் இப்போது சருகை எரிக்கும் முன் கடைக்கு ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்கிறார். அக்காவும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காயல் சாலையில் போகிறார்கள், ஆளுக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால். இளையவள் முன்னால் போகும் நேரத்திலும் காற்று இம்மியும் குறைவதில்லை என்று அதிகாரியின் நோட்டு சொல்கிறது. பின்னால் வரும் மூத்தவள் அப்போது பாடுகிறாள். காற்று அந்தப் பாட்டை அள்ளி வடக்கே துறைமுகம் வரை கொண்டுவந்து போடுகிறது. படகுக்காரர்கள் அதைக் கேட்டுப் பாயை ஏற்றுகிறார்கள். பாட்டு சுமார்தான்.