நாற்பத்தெட்டுச் சக்கரங்கள்

ட்ரூடி நீமையர் ஒன்பது வயதில் சிறுத்துப்போகத் தொடங்கினாள். மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஹேவர்லியில் இதை யாரும் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் அளந்தது அவள் அப்பா வெண்டல். ஊருக்கு மேற்கே இருக்கும் டாங்கித் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வெல்டிங் பற்றவைப்புகளைச் சோதிப்பவர் அவர். ஒரு மயிரிழை பிசகியிருந்தாலும் சிவப்புச் சாக்கட்டியால் வட்டம் போட்டு அறுபது டன் இரும்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அக்டோபர் முதல் சனிக்கிழமை அவள் உயரம் நாலடி மூன்று அங்குலம். நவம்பரில் மூன்றடி ஐந்து. டிசம்பரில் இரண்டே முக்கால் அடிக்குச் சற்றுக் கீழே. கொலம்பஸில் மருத்துவர்கள் மூன்று நாள் வைத்திருந்து பார்த்தார்கள். இதயம், எலும்பு, பல் எல்லாம் ஒரே விகிதத்தில் குறைகின்றன, வலி இல்லை, நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். அவர்களில் இளையவர் ஒருவர், இந்தக் கணக்குப்படி அவள் எந்தக் காலத்திலும் பூஜ்யம் ஆக மாட்டாள் என்று ஆறுதல் சொன்னார். வண்டி நிறுத்துமிடத்தில் வெண்டலின் மனைவி ஜனைன், "பூஜ்யம் ஆக மாட்டாளாம். அதுக்கு நாம கும்புடு போட்டுட்டு வரணும்போல" என்றாள். பள்ளியில் ட்ரூடியை முதலில் சின்ன நாற்காலியில் உட்காரவைத்தார்கள், பிறகு மேஜை மேல். பிப்ரவரியில், காற்றடிக்கும் நாட்களில் அனுப்ப வேண்டாம் என்று கடிதம் வந்தது. ஹேவர்லியில் பிப்ரவரியிலிருந்து மே வரை காற்றடிக்காத நாள் கிடையாது.

இந்த ஊர் ஆண்கள் பகலில் பெரிய டாங்கிகளைப் பற்றவைப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் சின்ன டாங்கிகளை ஒட்டுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் தீயணைப்பு நிலையத்தின் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே மணல்மேடு கட்டி, ரிமோட் டாங்கிகளை மோதவிடுவார்கள். சங்கத்துக்கு ஒரே ஒரு விதிதான்: கட்டியவர்தான் ஓட்ட வேண்டும், அடுத்தவர் ரிமோட்டில் கை வைக்கக் கூடாது. வெண்டலும் சங்கத்தில் இருந்தார், ஆனால் வேடிக்கை பார்ப்பவராக. அவர் வீட்டு நிலவறையில் பிரிக்காத மாடல் பெட்டிகள் பத்தொன்பது இருந்தன. பிரிக்காமல் அடுக்குவது அங்கே பலருக்கும் உள்ள பழக்கம். பிரித்தால் குறை தெரியும். ட்ரூடி ஐந்து வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தானும் அப்பாவும் சேர்ந்து ஒரு ரிமோட் டாங்கி கட்ட வேண்டும், அதைத் தீயணைப்பு நிலையத்தில் தானே ஓட்ட வேண்டும். அவள் கேட்ட பெரிய விஷயம் அது ஒன்றுதான். "உன் கை கொஞ்சம் பெருசாகட்டும்" என்று நான்கு வருடமாகச் சொல்லிவந்தார். டிசம்பரில் ஒரு நாள் அவள் கையுறை தானாகக் கழன்று விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வா, டாங்கி வாங்கப் போலாம்" என்றார்.

பிரதான வீதியில் மாடல் வண்டிக் கடை வைத்திருந்தவர் ஆர்லன் ஸ்டக்கி. முதல் டாங்கி வாங்க வருகிறவர்களுக்கு அவர் ஒரே அறிவுரையை இருபது வருடமாகச் சொல்லிவந்தார், ஒருவரும் கேட்டதில்லை.

"முதல் வண்டின்னா அமெரிக்க ஷெர்மன் டாங்கிதான்யா. பக்கத்துக்கு ஆறு சக்கரம், ரப்பர் பட்டை. மூணு சனிக்கிழமைல ஓட்டிடலாம். அந்த ஜெர்மன் டைகரப் பாக்காத. பாக்காதன்னு சொல்றேன்ல? பக்கத்துக்கு இருபத்துநாலு சக்கரம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி வச்சிருக்கான். உள்ள ஒண்ணு முரண்டு பண்ணா வெளிய இருக்கறது அத்தனையும் கழட்டணும். சங்கிலி வேற, நூத்துத் தொண்ணூத்திரண்டு கண்ணி, ஒவ்வொண்ணா கோக்கணும். ஜெர்மன்காரன் சண்டைல தோத்ததே சக்கரம் கழட்டிக் கழட்டித்தான்."

"எனக்கு ஷெர்மன்," என்றாள் ட்ரூடி. அவளை மேஜை மேல் நிறுத்தியிருந்தார்கள். "அந்தப் பெட்டியத்தான் என்னால தூக்க முடியுது."

"அது சின்னப் பசங்க வண்டிம்மா," என்றார் வெண்டல்.

"நானும் சின்னப் பொண்ணுதானேப்பா. வரவர ரொம்பச் சின்னப் பொண்ணு."

ஆர்லன் சிரித்தார். பிறகு கண்ணாடி அலமாரியைத் துடைக்கப் போய்விட்டார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வெண்டல் டைகரைத்தான் எடுத்தார். பதினாறில் ஒரு பங்கு அளவு, இரும்புக் கண்ணி, விளக்கு, புகை, சுட்டதும் பின்வாங்கும் பீரங்கி, எல்லாம் சேர்ந்தது. முதல்முறை வாங்குகிற எல்லோரும் செய்யும் தப்பு அது. பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்த்துச் செய்வார்கள். வெண்டலின் காரணம் வேறு. திரும்பும் வழியில், சாலையைப் பார்த்தபடி, "ஒண்ணுதான் கட்டப் போறோம். அது நல்லதா இருக்கட்டும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று பின்னிருக்கையில் குழந்தை நாற்காலியில் கட்டப்பட்டிருந்தவளுக்குப் புரிந்தது. தானியக் கிடங்கைத் தாண்டியதும், "சரி. ஆனா நான்தான் ஓட்டுவேன்" என்றாள்.

ஜனவரியில் பெட்டியைப் பிரித்தார்கள். அடித்தட்டு சமமாக இருக்கிறதா என்று அதன் மீது எஃகுப் பட்டையை வைத்துப் பார்த்தபோது ஒரு மூலையில் இடைவெளியில் தாள் நுழைந்தது. ஆர்லன், அதை ஒரு திருகு இழுத்துச் சரிசெய்துவிடும், ஊரில் ஓடுகிற எல்லா டாங்கியும் அப்படித்தான் என்றார். வெண்டல் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். மாற்றுத் தட்டு வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் ட்ரூடி இரண்டடியிலிருந்து ஒன்றரை அடிக்கு வந்தாள். ஜனைன் நிலவறைப் படியில் நின்று, "அந்தத் தாள் நுழையற சந்துல ஒருநாள் நம்ம பொண்ணு நுழையப் போறா, வெண்டல். கை இருக்கறப்பவே முடி" என்றாள். வெண்டல் தலையாட்டினார். பிறகு கண்ணிகளின் பிசிறை அரத்தால் ராவ உட்கார்ந்தார், நூற்றுத் தொண்ணூற்றிரண்டையும். முதல் நாற்பதை ட்ரூடி ராவினாள். அதற்குமேல் அரம் அவளைவிட நீளமாகிவிட்டது.

ஏப்ரலும் மேயும் நல்ல மாதங்கள் என்று சொல்ல வேண்டும். வெண்டலின் விரல் போகாத இடங்களுக்கெல்லாம் ட்ரூடி போனாள். வண்டியின் வயிற்றுக்குள் இறங்கி, மோட்டார்களுக்குப் பின்னால் படுத்து, கம்பிகளை இழுத்து மாட்டினாள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று வரைபடம் இல்லாமல் சொன்னாள். கடிகாரக்காரர் திருப்புளியைத் தோளில் சாய்த்துச் சுழற்றினாள். "உன் விரலு ஒவ்வொண்ணும் பன்னி மாதிரி இருக்குப்பா. வெளிய எடு, எனக்கு வெளிச்சமே வரல" என்ற குரல் உள்ளேயிருந்து வரும். வெண்டல் சிரிப்பார். மேலே அடுப்படியில் அந்தச் சிரிப்பைக் கேட்க நேர்ந்ததுதான் அந்த வருடத்திலேயே தாங்க முடியாததாக இருந்தது என்று ஜனைன் பிற்பாடு சொன்னாள்.

ஜூலைக் கடைசியில் வண்டி ஓடியது. வலதுபுறம் மூன்றாவது அச்சில், உள்வரிசைச் சக்கரம் ஒன்று லேசாக முனகியது. ட்ரூடி அப்போது ஐந்தே முக்கால் அங்குலம். ரிமோட்டின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்தால் வண்டியை இயக்கும் இரண்டு குச்சியும் கைக்கு எட்டியது. இரண்டையும் சேர்த்துத் தள்ளினால்தான் டாங்கி நேராகப் போகும். குச்சிகளுக்கு இடையே நாலரை அங்குலம். அதை அவளே அளந்து வைத்திருந்தாள்.

"முனகட்டும்பா. ஓடுதுல்ல? இந்த ஞாயித்துக்கெழம போயிடலாம்."

"இப்படியே கொண்டுபோனா ஆர்லன் என்ன சொல்வான்?"

"ட்ரூடி ஓட்டறான்னு சொல்வாரு."

வெண்டல் சக்கரத்தின் மேல் சிவப்பு வட்டம் போட்டார். மறுநாள் கழற்றத் தொடங்கினார். வெளிச்சக்கரம், நடுச்சக்கரம், பக்கத்து அச்சின் சக்கரங்கள், எல்லாம் வரிசை எண்ணிட்டுத் துணியில் பரப்பப்பட்டன. ஆகஸ்ட் கூட்டம் அவர்கள் இல்லாமல் நடந்தது. முனகியது ஒரு துணுக்கு இரும்புத்தூள். அவரே ராவிய தூள்.

செப்டம்பர் முதல் ஞாயிறு டைகரைத் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இவ்வளவு சுத்தமான வேலையை அந்த மணலில் யாரும் பார்த்ததில்லை என்பது உண்மை. ரிமோட்டைக் கவிழ்த்த வாளியின் மேல் வைத்து, ட்ரூடியை அதன் மேல் நிறுத்தினார் வெண்டல். அவள் கைகளை விரித்தாள். அன்று காலை கைவிரிப்பின் அளவு நாலு புள்ளி நான்கு அங்குலம். அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு போதவில்லை. அவள் இடது குச்சியைக் கட்டிப்பிடித்து உடம்பால் தள்ளினாள். டாங்கி வட்டமடித்தது. இரண்டாவது வட்டத்தில் மற்றவர்கள் தங்கள் ரிமோட்டுகளை அணைத்தார்கள். மோட்டார் சத்தம் ஒவ்வொன்றாக நின்று, டைகர் மட்டும் சுற்றியது, சத்தமில்லாத சக்கரங்களில், முனகல் ஒன்றுகூட இல்லாமல். வெண்டல் ஒரு விரலை வலது குச்சியில் வைத்தார்.

"எடு," என்றாள் ட்ரூடி.

"ஒரு விரல்தானேம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"கைய எடுப்பா."

எடுத்தார். இன்னும் பதினோரு வட்டம் போனது. பிறகு அவள் குச்சியை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் இரண்டு குச்சிகளையும் ஒரு மரச்சட்டத்தால் இணைத்தார். அதற்குள், குச்சிகளின் அடியிலிருக்கும் ஸ்பிரிங் வில்கம்பியை அசைக்க அவள் எடை போதவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை மெல்லிய வில்கம்பி மாற்றினார். அதற்குள் அந்த எடையும் இல்லை. ஒவ்வொன்றையும் சரியாகச் செய்தார், ஒரு வாரம் தாமதமாக. அக்டோபர் நடுவில் ட்ரூடி மூன்றே கால் அங்குலத்துக்கு வந்தாள். பெட்டியில் எழுதியிருந்த அளவில், தன் பழைய உயரத்தின் பதினாறில் ஒரு பங்காக, வண்டிக்குச் சரியாக இருந்தாள்.

"மேல் மூடியத் திற," என்றாள்.

"எதுக்கு?"

"கட்டினவங்கதான ஓட்டணும்? திறப்பா."

அவர் நகத்தால் திறந்தார். அவள் பீரங்கிக் கோபுரத்தின் மேல் ஏறி, கால்களை முதலில் விட்டு, உள்ளே இறங்கினாள். ரிமோட் சமிக்ஞையைப் பிடிக்கும் ரேடியோவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பிகளை மே மாதம் மாட்டியவள் அவள்தான். இப்போது உருவி, முனைகளைக் கையால் தொட்டுத் தொட்டுச் சேர்த்தாள். ரிமோட் மேஜை மேல் அணைந்து கிடந்தது. டைகர் நேராகப் புறப்பட்டது. துணிதுவைக்கும் இயந்திரத்தைச் சுற்றி, எண்ணெய்க் கொதிகலனுக்கு அடியில் புகுந்து, வெண்டலின் பூட்ஸுக்கு முன்னால் வந்து நின்றது. "வழி விடு," என்றது உள்ளிருந்து குரல். அவர் வழி விட்டார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் வெளியே வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஜனைன் ரொட்டித் துணுக்கையும் ஒரு சொட்டுப் பாலையும் மூடியின் ஓரத்தில் வைத்தாள். கிறிஸ்துமஸ்வரை குரல் கேட்டது. அதன்பிறகு காதை மூடியருகே வைத்தாலும் கேட்கவில்லை. பால் குறைவது பிப்ரவரிவரை கண்ணுக்குத் தெரிந்தது. வண்டி மட்டும் தினமும் ஓடியது. ஜனைன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்றது, அவள் பேசி முடித்தால் நகர்ந்தது. பாதிரியார் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, தேவாலயப் பதிவேட்டில் இறப்பு என்று மாற்றி எழுத எதுவுமில்லை என்றார். பள்ளிக்கூடம் அவள் வகுப்பை முடித்துச் சான்றிதழ் அனுப்பியது. சங்கம் அவளை உறுப்பினர் பட்டியலில் சேர்த்தது. வீட்டுக்கு வெளியே கொண்டுபோகப் பெற்றோர் சம்மதிக்காததால் வருகைப் பத்தியில் கோடு போட்டார்கள். குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஆர்லன் டைகர் விற்பதை நிறுத்திவிட்டார். வெண்டல் மாறினார் என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையில் முன்போலவே வட்டம் போட்டார், முன்போலவே திருப்பி அனுப்பினார். ஓய்வுபெற்ற நாளில் அவருக்கு ஒரு கேக் வெட்டினார்கள்.

இப்போது பதினான்கு வருடமாகிறது. வண்டிக்குப் பின்னால் இருக்கும் துளை வழியாகத்தான் சார்ஜ் ஏற்றுகிறார்கள். பாட்டரிக்கு வயதாகிவிட்டது. ஆரம்பத்தில் ஒரு சார்ஜில் நாற்பது நிமிடம் ஓடியது, பிறகு இருபது, பிறகு ஒன்பது. புதிது மாட்ட எட்டுத் திருகைக் கழற்றி மேல் தகட்டைத் தூக்க வேண்டும், ஐந்து நிமிட வேலை. ஆனால் தூக்கினால் காற்று உள்ளே புகும், குனிகிறவரின் மூச்சு புகும், அவள் இருக்கும் அளவுக்கு, அவளை அடித்துக்கொண்டுபோக அது போதும். புது பாட்டரி வாங்கி வைத்திருக்கிறார்கள். தகட்டைத் திறக்கவில்லை. போன வருடத்திலிருந்து நான்கு நிமிடம்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் வெண்டலும் ஜனைனும் நிலவறைக்கு இறங்கி, கடைசிப் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். வண்டி கொதிகலன் பக்கமிருந்து புறப்பட்டு அவர்களை நோக்கி வருகிறது. அருகில் வந்ததும் இருவரும் காலைத் தூக்கிக்கொள்கிறார்கள்.