தொண்ணூறு நாள் கார்டு

மூத்தவள் தன் கார்டை நீட்டியதும் அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"உள்ள வை. என் கார்டுல தான் போடணும்."

இறுதிச்சடங்கு நிலையத்தின் அலுவலக அறை அது. பெட்டி, பூ, வண்டி, கூடம் என்று வரிசையாக எழுதிய பில்லை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, யார் ஜெயித்தாலும் தனக்குச் சம்மதம் என்ற முகத்தோடு மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்து அறையில் இருந்தார். நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்த பெண்ணிடம் ஏதோ சொல்லி, அவள் சிரித்து முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அம்மா, இன்னைக்கும் பாயிண்ட் தானா?"

"இன்னைக்கு விட்டா எப்ப? நாளன்னைக்குத் தொண்ணூறு நாள் முடியுது."

மேலாளர் முன்னால் இப்படியா என்று மூத்தவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வருஷத்தில் அவர் உயரே போனதெல்லாம் கட்டடங்களுக்குள்தான், விமானப்படியில் கால் வைத்ததில்லை. ஆனால் விமான பாயிண்ட் பற்றி அவரிடம் வாய் கொடுத்தவர்கள் லேசில் மீண்டதில்லை. புதுக் கார்டு வாங்கி, அவர்கள் சொல்லும் தொகையைத் தொண்ணூறு நாளுக்குள் செலவழித்தால், மூட்டையாக போனஸ் பாயிண்ட் கொடுப்பார்கள். சேர்ந்த பாயிண்டைக் கொடுத்தால் காசில்லாமல் விமானச் சீட்டு. வருஷக் கட்டணம் கேட்பதற்குள் அந்தக் கார்டுக்கு ஒரு முழுக்கு, பிறகு அடுத்தது. வீட்டுச் செலவு அந்தத் தொகையை எட்டாத மாதங்களில், பக்கத்து வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் வாங்கக் கிளம்பினால் இவரும் கூடவே கிளம்புவார். தன் கார்டைத் தேய்த்துவிட்டு அவரிடம் காசாக வாங்கிக்கொள்வார். தெருவில் அவருக்கு 'பாயிண்ட்' என்றே பெயர்.

அத்தை ஒருமுறை தன் பாயிண்டையெல்லாம் கொடுத்து ஒரு டோஸ்டர் வாங்கினாள். கூடப் பிறந்த தங்கை என்றும் பார்க்காமல் அப்பா ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "டோஸ்டர் எந்தக் கடையிலயும் கிடைக்கும். படுத்துக்கிட்டே போற சீட்டு எந்தக் கடையில கிடைக்கும்?" என்பது அவர் கட்சி.

படுத்துக்கொண்டு போகும் சீட்டு அம்மாவுக்கு. முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளால் உட்கார முடியாது. தங்கை சின்னவள் இருப்பதோ பதினாறு மணி நேர விமானப் பயணத் தூரத்தில். வயிற்றில் இரட்டைக் குழந்தை, எட்டாம் மாதம். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட டாக்டர் அவளை விமானம் ஏற விடவில்லை. பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்தச் சீட்டைக் காசு கொடுத்து வாங்குவது இந்தக் குடும்பத்தில் நடக்கிற காரியமில்லை.

மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் அப்பாவை உட்காரவைத்து, "அதிகபட்சம் மூணு மாசம்" என்றார். அந்த வாரமே அப்பா, அம்மா பெயரில் புதுக் கார்டுக்கு விண்ணப்பம் நிரப்பத் தொடங்கிவிட்டார். மூத்தவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருக்கிற கொஞ்ச நாளில் மகளிடம் நாலு வார்த்தை பேசத் தோன்றவில்லையே என்று முன்னால் நின்று அழுதாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்து, "அம்மாவுக்கு எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டு" என்றார்.

போன வாரம் தன் கணக்கில் இருந்த பாயிண்டையெல்லாம் அம்மா கணக்குக்கு மாற்றினார். ஆள் போனால் பாயிண்டும் போய்விடும் என்று விதிகளில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். இனி சீட்டுக்குக் குறைவது இந்தக் கார்டின் போனஸ் மட்டும்தான். மருந்து, மளிகை என்று தேய்த்தும் போனஸுக்கான தொகையில் இன்னும் பெரிய துண்டு விழுந்தது.

"கார்டுன்னா ரெண்டு சதவீதம் கூடக் கேப்பாங்கம்மா," என்றாள் மூத்தவள், கடைசி முயற்சியாக.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "பொதுவா கேப்போம். இந்த பில்லுக்குக் கிடையாது. சார் பேசிட்டுப் போயிட்டாரு."

"எந்த சார்?"

"உங்க அப்பா தான். ரெண்டு மாசம் இருக்கும். நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலி. வந்ததும் முதல்ல கார்டு எடுப்பீங்களான்னு கேட்டாரு. அந்த ரெண்டு சதவீதத்துக்கு ஒரு மணி நேரம் பேரம். எங்க முதலாளியே வந்து சரின்னுட்டாரு." அவர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். "விலை கம்மியான பெட்டி தான் முதல்ல காட்டினேன். இது பத்தாது, தொகை எட்டாதுன்னு அதுக்கு மேல உள்ளதைக் கேட்டாரு. என் சர்வீஸ்ல அப்படிக் கேட்டது அவர் ஒருத்தர் தான். முன்பணம் கட்டுறீங்களான்னேன். வேண்டாம், என் சம்சாரம் அவங்க கார்டுல கட்டுவாங்கன்னாரு. போகும்போது எங்க லிஃப்ட்டுக் கதவு இழுக்குதுன்னு சரிபண்ணிக் குடுத்துட்டுப் போனாரு."

அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று மூத்தவள் அவளைப் பிடித்துக்கொள்ளப் போனாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட லைப்ரரிக்குப் போறேன்னு சொன்னாரு."

மூத்தவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த மூன்று மாதமும் அவர் தன்னிடம் பேசவில்லை என்று நினைத்திருந்தாள். கார்டு, கையெழுத்து என்று அவர் பேசியதெல்லாம் இவர்களைப் பற்றித்தானே?

மேலாளர் கார்டைச் செருகினார். மெஷின் யோசித்தது, பிறகு மறுத்தது. இன்னொரு தடவை செருகினார், அதே கதை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டபோது அம்மாவின் போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், பேங்க்லேருந்து பேசுறோம். உங்க கார்டுல இறுதிச்சடங்கு நிலையம்னு ஒரு பெரிய தொகை வருது. அது நீங்க செய்யுற செலவு தானா?"

"என் வீட்டுக்காரர் செலவும்மா. நான் கட்டுறேன்."

"அப்ப கார்டை உங்க கணவர் பயன்படுத்துறாரா மேடம்?"

"அவரு எங்கம்மா பயன்படுத்துறது, அவரு பக்கத்து ரூம்ல படுத்திருக்காரு."

மூத்தவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். இந்தக் கார்டு முடங்கினால் போனஸ் போச்சு, சீட்டு போச்சு, சின்னவள் தனியாகத்தான் பெற்றுக்கொள்ள வேண்டும். போனைப் பிடுங்கி, இறந்தது அப்பா, கட்டுவது அம்மா என்று தெளிவாகச் சொன்னாள். மறுமுனை இரக்கத்தோடு கேட்டுக்கொண்டது. ஆனால் விதி விதிதான்.

"பாதுகாப்புக் கேள்வி ஒண்ணு மேடம். கார்டு வாங்கும்போது நீங்க குடுத்த பதில் சொல்லணும். கணவரை முதல்முதல்ல எங்க சந்திச்சீங்க?"

அதை நிரப்பியது அப்பா. அவர் என்ன எழுதினாரோ. கல்யாணமே தரகர் பேசி முடித்தது என்றுதான் மூத்தவள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள்.

"லிஃப்ட்ல," என்றாள் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல். "மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. நாங்க நாலு பேரு மாட்டிக்கிட்டோம். மேல கதவைத் தொறந்து தலைய உள்ள நீட்டினாரு."

"லிஃப்ட்னாலே போதும் மேடம். இப்ப முயற்சி பண்ணுங்க."

மெஷின் கிர்ரென்று காகிதத்தைத் துப்பியது. அம்மா அதை வாங்கி, தேதியைச் சரிபார்த்து, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அப்பா நல்ல பெட்டியில் போனார். கஞ்சன் வீட்டில் இப்படியொரு பெட்டியா என்று சொந்தக்காரர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். அத்தை மட்டும் மூத்தவளை ஓரமாக இழுத்து, "போனஸ் வந்துடும்ல?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

பத்தாம் நாள் போனஸ் வந்தது. அதற்கு அடுத்த வாரம் மூத்தவள் அம்மாவை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டாள். மறுநாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா பேசி அனுப்பிய குரல் செய்தி போனில் வந்து சேர்ந்தது.

"வந்துட்டேன். முதுகு ஒண்ணும் சொல்லல. சின்னவ வயிறு நீ நினைக்கிறத விடப் பெருசு. பிளேன்ல பணிப்பொண்ணு என்னை ஒரு போட்டோ எடுத்துச்சு, அனுப்புறேன். முடி கலைஞ்சிருக்கும், யாருக்கும் காட்டாத."

படம் வந்தது. போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டு அம்மா சிரித்தபடி படுத்திருந்தாள். மூத்தவள் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரே ஒரு ஆளுக்கு அளவெடுத்துச் செய்த குறுகலான படுக்கை. அதிலும் அம்மா ஜன்னல் பக்கமாக ஒட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் இடம் விட்டுப் படுத்திருந்தாள்.