எழுத்துக் கூட்டிப் படித்தவள்

ஐயாசாமி வாத்தியார் என்றால் மலாயாவில் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் தனி மரியாதை. அந்த ஐயாசாமி நான்தான். மரியாதையாம், மண்ணாங்கட்டியாம்! அது எப்படி வந்தது என்று எனக்கல்லவா தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. எங்கள் கம்பெனிக்கு ஆற்றின் இரு கரையிலும் இரண்டு தோட்டங்கள், தோட்டத்துக்கு ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். இனி ஒன்று போதும் என்றார் தோட்ட மேனேஜரான பெரிய துரை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது நல்லதோ அதை வைத்துக்கொள்ளச் சொல்லட்டும் என்பது ஏற்பாடு.

அக்கரை வாத்தியார் அமலநாதன். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் சாமான் கட்டித் தந்த பத்திரிகைத் தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அதுகள் எழுத்துக் கூட்டி ஒரு வரியைத் தாண்டுவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும்.

என் பள்ளிக்கூடத்தில் அந்த இழுவையே கிடையாது. நான் பாடத்தைச் சொல்வேன், பிள்ளைகள் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வார்கள். வாசகப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு படம். மாட்டைக் கண்டால் மாட்டுப் பாடம், கிணற்றைக் கண்டால் கிணற்றுப் பாடம். எங்கே திறந்தாலும் கடகடவென்று கொட்டும். அதுதான் படிப்பு என்று நானும் நம்பினேன். சரி, பொய் எதற்கு? பாதிதான் நம்பினேன்.

இன்ஸ்பெக்டர் துரை வந்த அன்று அக்கரைப் பிள்ளைகளையும் எங்கள் பள்ளிக்கூடக் கொட்டகைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். துரைக்குக் கொஞ்சம் தமிழ் பேச வரும். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். என் பக்கத்தில் முதல் மாணவன் வீரமுத்து. துரை புத்தகத்தைத் திறந்ததும் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தான். அமலநாதன் பக்கத்தில் செல்லம் என்ற பெண் எழுந்தாள். அவளுக்குப் பதினோரு வயதிருக்கும். விரலை எழுத்தின்மேல் வைத்து, நிறுத்தி, கூட்டி, தப்பாகச் சொன்னதைத் தானே திருத்தி, அந்தப் பக்கத்தை அவள் முடிப்பதற்குள் துரை மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

துரை என்னைத் தனியே அழைத்தார். "அந்தப் பெண் ஏன் இப்படிப் படிக்கிறாள்?"

அவள் நிஜமாகவே படிக்கிறாள் துரை, என் பையன் படத்தைப் பார்த்து ஒப்பிக்கிறான். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? பாழும் வாய் வேறொன்றைச் சொல்லிற்று. "அங்கே பயிற்சி போதாது, துரை."

மறுமாதம் அக்கரைப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மூட்டையோடு ரயிலடிக்குப் போகிற வழியில் அமலநாதன் என் வீட்டு வாசலில் நின்றார்.

"படத்தக் கையால மறைச்சிட்டுப் படிக்கச் சொல்லுங்க துரைன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேன் அண்ணே. ஒங்க பிள்ளைங்க முன்னாடி ஒங்களத் தலகுனிய வைக்க மனசு வரல."

காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது? வேண்டாமென்று போய்விட்டார்.

அக்கரைப் பிள்ளைகள் என் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வருவார்கள் என்று கம்பெனி எழுதி வைத்திருந்தது. ஒருத்தர்கூட வரவில்லை. நாலு மைல் நடந்து எந்தப் பிள்ளை வரும்? பெற்றவர்கள் எல்லோர் பேரையும் தோட்டத்தில் புல்லு வெட்டும் வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு நாள் மதியம், கூலிகள் குடியிருந்த லயத்துக் குழாயடியில் வீரமுத்துவின் தாய் கிருஷ்ணம்மா கையில் ஒரு கடிதத்தோடு நின்றாள். வேலை இல்லையென்று இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய ஆட்களில் அவள் புருஷனும் ஒருவன். ஏழு மாதம் கழித்து அவனிடமிருந்து வந்த முதல் கடிதம்.

"படிடா, அப்பா என்னா எழுதியிருக்காருன்னு!"

வீரமுத்து கடிதத்தைப் பார்த்தான். பின்பக்கம் திருப்பினான், மறுபடி முன்பக்கம் திருப்பினான். படத்தைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது.

"என்னடா முழிக்கிற? வாத்தியார் ஒன்ன மொத ஆளுன்னாரே!"

நான் கிட்டே போவதற்குள், அக்கரையிலிருந்து கம்பெனி லாரியில் எங்கள் தோட்டத்துக்குப் புல்லு வெட்ட வந்திருந்த செல்லம் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினாள். எழுத்து எழுத்தாகக் கூட்டினாள்.

"நா...ன் சுக...ம். பைய...னை வேலை...க்கு விடாதே. படி...க்க வை."

கிருஷ்ணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீரமுத்து என்னைத்தான் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

செல்லம் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாத்தியாரே, அன்னிக்கி தொர முன்னாடி நான் மெதுவாப் படிச்சதாலதான எங்க பள்ளிக்கூடத்த மூடுனாங்க? எல்லாரும் என்னத்தான் ஏசுறாங்க. இப்பக் கொஞ்சம் வேகமா வருது வாத்தியாரே. தொர மறுபடி வந்தா நான் படிச்சிக் காட்டுறேன்னு சொல்றீங்களா?"

தப்பு உன்மேல் இல்லை அம்மா, என்மேல்தான் என்று அந்தக் குழந்தையிடமாவது சொல்லியிருக்கலாம்.

"சொல்றேன்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே வேலைக்கு ஓடினாள்.