நடுவில் பிளந்த மடிப்பு

மெஷினில் மடித்த மூன்றாவது தகடும் நடுவில் வாயைப் பிளந்துகொண்டுதான் வந்தது. அவள் ஏணியில் ஏறி ஜன்னல் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு ஓரமும் மரத்தோடு ஒட்டி நின்றன. நடுவில் மட்டும் விரல் நுழையும் இடைவெளி. கீழே நின்ற கணவன் தகட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

"நீ உன் பக்கத்தை லேட்டா தூக்குற. மனசு எங்க இருக்கு உனக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னல் ஓரங்களுக்கும் கூரை விளிம்புகளுக்கும் வண்ண அலுமினியத் தகடு போர்த்துகிற வேலை அவர்களுடையது. தகட்டை மெஷினில் கவ்வவிட்டு, ஆளுக்கொரு முனையில் நின்று கைப்பிடியைத் தூக்கினால் மடிப்பு விழும். பழைய மெஷின் குட்டையானாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். அது தேய்ந்துபோனதும், நீளம் குறைந்தாலும் கனமானதாகப் பார்ப்போம் என்று கடையில் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே. மெலிதான இந்த நீள மெஷினைக் கண்டதுமே சொக்கிப்போய்விட்டான். ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக மடிக்கலாமாம்.

"நான் லேட்டா தூக்கினா என் ஓரம்தானே கெடணும்? நடுவுல ஏங்க கெடுது?"

அவன் போனை எடுத்தான். "நாளைக்குத் தம்பியை வரச் சொல்றேன். இனிமே அவனே கூட இருக்கட்டும். நீ வீட்டைப் பாரு."

அந்த 'இனிமே'தான் அவளைக் குத்தியது. கல்யாணமான புதிதில் விளையாட்டாகப் பிடித்த கைப்பிடி இன்று அவளுடைய தொழில். சட்டத்தைத் தடவியே கோணல் எங்கே என்று சொல்லிவிடுவாள். அதையெல்லாம் ஒரு போனில் முடித்துவிட்டானே என்று ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது, அதை மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் கொழுந்தன் வந்தான். நல்ல பிள்ளை, வாட்டசாட்டமான உடம்பு. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையில் நின்றார்கள். சாமான் எடுத்துக்கொடுக்க என்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தவள், இந்தத் தகடும் கெட்டுப்போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். சொந்தத் தொழில் கெட வேண்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டதே என்று தன் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. தகடு கெட்டது. அதே இடம், அதே பிளவு.

கணவன் குனிந்து மடிப்பைத் தடவினான். தம்பியின் முகம் வாடியதைக் கண்டு தோளில் தட்டினான்.

"உன் மேல தப்பில்லடா. மெஷின்லதான் ஏதோ கோளாறு. நடுவுல கவ்வவே மாட்டேங்குது பாரு."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை. அண்ணியின் முகத்தைப் பார்த்த கொழுந்தன் கைப்பிடியை விட்டு மெல்ல விலகினான்.

"நீங்க வாங்க அண்ணி. எனக்கு இது சரிப்படாது."

கணவன் மெஷினின் நடுத் திருகுகளை முறுக்கி, புதுத் தகட்டைக் கவ்வவிட்டான். அவள் போய்த் தன் முனையில் நின்று கைப்பிடியைப் பிடித்தாள்.

"ம், தூக்கு" என்றான்.

அவன் தூக்கினான். அவள் தூக்கவில்லை. மெலிந்த மெஷின் முனகிக்கொண்டே முறுக்கிக்கொண்டது. அவன் பக்கத்தில் தகடு எழும்பி மடிந்தது. அவளை நோக்கி வரவர மடிப்பு மங்கி, அவள் கைகளுக்கு முன்னால் படுக்கையாகவே கிடந்தது. கெட்டது அவள் ஓரம்தான், நடு இல்லை. அவன் மூச்சு வாங்கியபடி நிமிர்ந்தான். இந்தத் தடவை தகட்டைத்தான் பார்த்தான்.