சொல்லிக்கொள்ளாமல் வந்த இடம்

மதுரையில் மனநல வார்டிலிருந்து கனகலட்சுமியை வீட்டுக்கு அனுப்பிய அன்று, நர்ஸ் அருஞ்சுனை கேட்டாள்: "வைத்தியம் திருப்தியா இருந்துச்சாக்கா?"

கனகலட்சுமி வாய் திறப்பதற்குள் புருஷன் இன்பராஜ், "ரொம்பத் திருப்தி" என்று முந்திக்கொண்டார். வத்தல் கடைக்காரர்; சரக்குக்காகத் தானே பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு.

ஆஸ்பத்திரியில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது, சொன்னால் மறுபடி படுக்கை போட்டுவிடும் என்று மாமியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதனால் கனகலட்சுமி அருஞ்சுனையிடம் ஒன்றும் சொல்லாமல், திரும்பியும் பாராமல் பஸ் ஏறிவிட்டாள். அது முள்ளாகத் தைத்தே கிடந்தது.

சொந்த ஊரான அருப்புக்கோட்டையில் தெருவாரிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுக் கஸ்தூரி ஹார்லிக்ஸோடு வந்தாள். "ஏத்தா, குடத்தத் தூக்கிராத. தையலு பிரிஞ்சிரும்." குழாயடியில் ஆளாளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்கள். இல்லாத தையலுக்குத் தெருவே இரங்கியது. இருக்கிற வலியை யாரிடம் சொல்ல?

வார்டில் இருந்தவரை, காலையானால் அருஞ்சுனை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு மனசு எப்படிக்கா இருக்கு?" என்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். பதில் வர எவ்வளவு நேரமானாலும் எழுந்து போகமாட்டாள். பினாயில் நாற்றமும் சப்பென்ற கஞ்சியும் மறந்துபோயின. அந்தக் காத்திருப்பு மறக்கவில்லை. வீட்டுக் கட்டிலிலும் ஓரத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டே படுத்தாள். இன்பராஜ் ஒற்றைக் காலில் செருப்பை மாட்டியபடியே, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போவார்.

மாத்திரை தீர்ந்தது.

"நானே மதுரைக்குப் போயி வாங்கியாறேன். நீ வந்தா பஸ்ஸுல பூராம் தெரிஞ்ச மூஞ்சி."

"நானும் வாரேங்க."

"என்னத்துக்கு?"

"அன்னைக்குச் சொல்லிக்காம வந்துட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. மதுரை பஸ்ஸில், வழியில் காரியாபட்டி தாண்டும்வரை அவளை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்.

வார்டில் அவளுடைய கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள். அதன் ஓரத்தில் அருஞ்சுனை.

"அடடே, அக்கா! மனசு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா" என்றார் இன்பராஜ்.

"அண்ணாச்சி, வத்தலு வெலய உங்ககிட்டக் கேக்குறேன். இத அவுக சொல்லட்டும்."

வெகுநேரம் கழித்துக் கனகலட்சுமி சொன்னாள்: "தூங்குறேன், சாப்புடுறேன். ஆனா இப்படி யாரும் கேக்குறதில்ல."

இன்பராஜ் மாத்திரைக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினாள். "போயிட்டு வாரேன்." இன்பராஜ் பதறிப்போனார். "வாங்கக்கா" என்றாள் அருஞ்சுனை.

திரும்பும் பஸ்ஸில் அவர் கனைத்துக்கொண்டார். "அந்தப் புள்ள கேக்குமே... மனசு... எப்படி இருக்கு?"

அவள் ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். உடனே சொல்ல வரவில்லை. கண்டக்டர் வந்து நின்று, "டிக்கெட்டு, டிக்கெட்டு" என்றார்.

"செத்த நேரம் இருப்பா" என்றார் இன்பராஜ், அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.