எல்லார் பேரிலும் வாய்க்கரிசி

ஒஸ்லோவில் தமிழர் வீட்டுச் சாவு ஒன்றுக்கும் சண்முகலிங்கம் அண்ணை போகாமல் விட்டதில்லை. இந்த நாட்டில் இறுதி நிகழ்வுக்கு மண்டபம் கிடைப்பது செவ்வாயோ புதனோ, பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரம் நாங்கள் எல்லாரும் வேலையில் நிற்போம். அண்ணைக்கு வேலை இல்லை. முப்பது வருடத்துக்கு முன் வடகோடிக் கடற்கரை ஊரான பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டவர். அதற்குப் பிறகு அரசாங்கப் பென்சனோடு ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில் ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தார். கலியாணமும் கட்டவில்லை.

"அண்ணை, எனக்கு லீவு இல்லை. என்ரை பேரிலையும் வாய்க்கரிசி போட்டுவிடுங்கோ" என்று ஆளாளுக்குப் போன் எடுப்போம். அவரும் முகம் சுளிக்காமல் ஓம் என்பார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு ரயில் ஏறிப் போவார். செத்தவரின் வாயில் அரிசி போடும்போது ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பெயர் சொல்வாராம். இது செல்வம், இது வரதராசா குடும்பம், இது இந்திரா. என் மனைவியின் சித்தப்பாவுக்கு என் பேரில் அரிசி போட்டதும் அவர்தான். நான் அன்றைக்கு லொறிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு லீவே கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கலியாணம், ஐந்நூறு பேர் கூடும் பிறந்தநாள் என்றால் கெஞ்சிக் கூத்தாடி எடுத்துவிடுவோம். போகாவிட்டால் அங்கே கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. செத்தவர் கோபிக்க மாட்டார். போன புரட்டாதியில்கூட மச்சாளின் மகளுடைய சாமத்தியவீட்டுக்கு மண்டபம் சோடிக்க என்று நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

ஐப்பசியில் அண்ணைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வம், எனக்கு ஐயரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீங்கள் எல்லாரும் வந்து அரிசி போட்டாக் காணும். நீ முன்னுக்கு நிப்பாய்தானே?"

"ஓம் அண்ணை, நிப்பன்."

மனதாரத்தான் சொன்னேன்.

மூன்று கிழமையில் போய்விட்டார். நிகழ்வு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என்று இறுதிச்சேவை நிறுவனத்தின் அறிவித்தல் எங்கள் போன் குழுவில் வந்தது. அந்தக் கிழமைதான் களஞ்சியசாலையில் எனக்கு மேற்பார்வையாளர் வேலை தருவதாகப் பேச்சு. விடுப்புப் படிவத்தில், இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்கிறார்கள். அண்ணையை என்னவென்று எழுதுவது? மேலாளர் ஆன்ட்ரியாஸிடம் இன்னொரு தடவை போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. கேட்கவே இல்லை. எப்படியும் முந்நூறு பேர் வருவார்கள், யாராவது என் பேரிலும் போடட்டும், எட்டாம் நாள் சடங்குக்கு, எட்டுச் செலவுக்குப் போய்க்கொள்ளலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். வெட்கங்கெட்ட மனம், உடனே சமாதானமாகிவிட்டது.

செவ்வாய் பத்தே முக்காலுக்குக் கோப்பி இடைவேளையில் போனைப் பார்த்தேன்.

வரதராசா எழுதியிருந்தார்: "எனக்கு வேலை. அங்கை நிக்கிற ஆராவது என்ரை பேரிலையும் அரிசி போட்டுவிடுங்கோ."

கீழே இந்திரா: "எங்கடை வீட்டுப் பேரிலையும் போடுங்கோ. லீவு கிடைக்கேல்லை."

அதற்குக் கீழே டிலக்சி. அதற்கும் கீழே யார் யாரோ. விரலால் தள்ளத் தள்ள அதே செய்திதான் வந்துகொண்டிருந்தது. "நான் இஞ்சை நிக்கிறன்" என்று ஒருவர்கூட எழுதவில்லை.

ஆன்ட்ரியாஸின் அறைக்கு ஓடினேன்.

"என் அண்ணன் செத்துவிட்டார். நான் போக வேண்டும்."

"எப்போது நிகழ்வு?"

"இப்போது. பதினொரு மணிக்கு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இதை ஏன் நேற்றே கேட்கவில்லை? விட்டிருப்பேனே. போ, போ."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வழியெல்லாம் பனி. நான் போய்ச் சேரப் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கார் நிறுத்துமிடம் வெறுமையாகக் கிடந்தது. மண்டப வாசலில் இறுதிச்சேவை நிறுவனத்துப் பெண் ஒருத்தி மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருந்தாள். சண்முகலிங்கம் என்று பெயரைச் சொன்னேன்.

"பதினொன்றரை வரை பார்த்துக்கொண்டிருந்தோம்" என்றாள். "அதற்கு மேல் வைத்திருக்க அனுமதி இல்லை. தகனத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் வாகனம் ஓட்டி வந்தவரும் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றோம்."

அவள் தோளுக்குப் பின்னால் உள்ளே எட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாகக் கதிரைகள் போட்டு வைத்திருந்தார்கள்.

"இது பெரிய மண்டபம்" என்றாள். "சாகுமுன் அவரே எங்களுக்குப் போன் செய்து இதைத்தான் கேட்டார். சின்னது போதாது, நிறையப் பேர் வருவார்கள், ஒருவரும் இடமில்லாமல் குளிரில் வெளியே நிற்கக் கூடாது என்றார்."

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நாங்கள் நாளைப் பிழையாக அறிவித்துவிட்டோமோ?"

"இல்லை" என்றேன். "சரியாகத்தான் அறிவித்தீர்கள். எங்கள் எல்லாருக்கும் தெரியும்."