மணிக்கு ஒருக்கால் விழிக்கும் பெட்டி

ஸ்ரெல்லாவுக்குச் சந்தேகம் வரக் காரணம் தேவையில்லை. காரணம் பிறகு தானாக வந்து சேரும். இந்தமுறை காரணமும் கையிலேயே இருந்தது. குருநகர்க் கரையில் அவள் நடத்தும் கூல் றூமில், கதவுக்குக் கிட்ட இருந்த பெட்டிகளில் மட்டும் மீன் நொய்ந்துபோனது. கொழும்பு லொறிக்காரன் ஒரு அறக்குளா மீனின் செவுளை விரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நேத்தையான் மீன் இல்லை, பழசு" என்றபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த மீனை முதல்நாள் தன் கையாலேயே பெட்டியில் வைத்தவள் அவள்.

கூல் றூமைப் பார்ப்பவன் ஜெரிசன். முன்பு வேறொரு முதலாளியிடம் நின்றவன். நல்ல மீனை அந்தப் பழைய முதலாளிக்குக் கடத்திவிட்டுப் பழசைப் பெட்டிக்குள் வைக்கிறான் என்று ஸ்ரெல்லா முடிவு கட்டிவிட்டாள். வெறும் வேலைக்காரன் என்றால் அன்றைக்கே அனுப்பியிருப்பாள். ஆனால் அவனுக்கும் அவளுடைய ஒரே மகள் ஜெயனிக்கும் கலியாணம் நிச்சயமாகி, கோயில் பூசையில் இரண்டு ஞாயிறு கலியாண அறிவித்தல் ஓலையும் வாசித்தாயிற்று. இன்னும் ஒரு ஞாயிறுதான் பாக்கி. தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று பங்குச் சுவாமி கேட்டபோதெல்லாம் ஸ்ரெல்லாவுக்கு நாக்கு நமநமத்தது.

ஜெயனி எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவள். தாயின் வாயை அடைக்க அவளே ஒரு பெட்டி செய்து கூல் றூமுக்குள் மாட்டினாள். உள்ளே ஒரு சின்ன மைக்ரோகொன்ட்ரோலர், குளிரை அளக்கும் சென்சர், ஒரு பற்றரி. பற்றரி நெடுநாள் தாங்கவேண்டுமே, அதனால் அது எந்நேரமும் விழித்திருக்காது. மணிக்கு ஒருக்கால் விழித்து அளந்து, போனுக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப உறங்கிவிடும். கதவு திறந்து கிடந்தால் காட்டிக்கொடுக்கும் என்றாள்.

அது ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஒழுங்கான குளிர் என்றே சொன்னது. மீனோ நொய்ந்துகொண்டே இருந்தது.

"அது எப்ப விழிக்குமெண்டு உவனுக்கும் தெரியும்தானே?" என்று ஸ்ரெல்லா மகளைக் கேட்டாள்.

"ஓம். அவர்தானே ஆணி அடிச்சுத் தந்தவர்."

"அப்ப அது நித்திரை கொள்ளேக்கைதான் எடுக்கிறான். கள்ளனுக்கு மணிக்கூடும் கட்டிக் குடுத்திருக்கிறாய், பிள்ளை."

பெட்டி உறங்கும் நேரத்துக்குத் தானே காவல் என்று ஸ்ரெல்லா புறப்பட்டாள். மீன் நொய்யத் தொடங்க முந்தியே மனம் கேளாமல் போய்த் திறந்து பார்த்தவள்தான். இப்போது முறைவைத்துப் போனாள். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் அந்தத் தடித்த கதவை அகலத் திறப்பாள். உள்ளே பூட்டுப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வெறும் மீன்பெட்டியொன்றை வைத்துக் கதவு சாத்தாதபடி அண்டை கொடுப்பாள். பிறகு மூடிகளைத் திறந்து, ஐஸை விலக்கி, மீன்களைப் புரட்டிப் புரட்டி எண்ணுவாள். ஒன்றும் குறைந்திராது. குறையாததே அவளுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. ஜெரிசன் மீன் கழுவும் தொட்டியடியில் நின்று இதைப் பார்ப்பான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மீன் முந்தியைவிட மோசமாக நொய்ந்தது. கணவன் கனிசியஸிடம் முறையிட்டாள். "உனக்கு அந்தோனியாரிலையும் சந்தேகம்" என்றுவிட்டு அவர் கடலுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் மகளைப் பிடித்தாள்.

"அதை அஞ்சு நிமிசத்துக்கொருக்கால் விழிக்கச் செய். உவனுக்குச் சொல்லப்படாது, சத்தியம் பண்ணு. களவு பிடிபட்டா நாளைக்கு ஓலை வாசிக்க விடமாட்டன். சுவாமியிட்டை நானே போய்ச் சொல்லுவன்."

ஜெயனியின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் சத்தியம் செய்தாள். மடிக்கணினியை இணைத்து, உறங்கும் நேரத்தை மாற்றி எழுதி, பெட்டியைத் திரும்ப மாட்டினாள். ஸ்ரெல்லா அன்றும் தன் காவலை விடவில்லை.

பின்னேரம் தாயும் மகளும் வீட்டு மேசையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். இத்தனை நாளும் நேர்கோடாக இருந்த சூட்டளவு இன்றைக்கு மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. மணி அடிக்கும் நேரமெல்லாம் பள்ளம், நடுவிலே மலை.

"பாத்தியே! பாத்தியே!" ஸ்ரெல்லாவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. தன் மகளின் கலியாணம் முறிவதற்கு அப்படிச் சந்தோசப்பட்ட தாய் வேறு இருக்கமாட்டாள்.

ஜெயனி ஒரு மலையில் விரலை வைத்தாள். "பத்தரைக்கு ஆரம்மா கூல் றூமுக்கை நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் நிண்டனான். உவன் மீன் ஏத்த வெள்ளனவே பருத்தித்துறைக்கெல்லோ..."

ஜெயனியின் விரல் அடுத்த மலைக்குப் போனது. அதுவும் ஸ்ரெல்லாதான். எல்லாம் அவள்தான். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனபின் காற்று மெல்லக் குளிர்ந்து, பெட்டி விழிக்கும் நேரத்துக்கு எல்லாம் ஒழுங்காகிவிடும். கதவடி மீன் பட்ட சூடு மட்டும் பட்டதுதான்.

அந்த நேரம் பார்த்து ஜெரிசன் உள்ளே வந்தான். வெட்கம் பிடுங்கித் தின்ன, ஸ்ரெல்லா அவன்மேலேயே பாய்ந்தாள்.

"நான் கதவைத் திறந்து வைக்கிறதை நீ கண்டனிதானே? ஏன் வாய் திறக்கேல்லை?"

ஜெரிசன் மெதுவாகத்தான் சொன்னான். "திறக்காதேங்கோ மாமி எண்டு சொல்லியிருந்தா, உள்ளுக்கை என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டிருப்பியள்."

அப்படியேதான் கேட்டிருப்பாள். அது அவளுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

அவன் கூல் றூம் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தான். "பருத்தித்துறை மீன் இறக்கியாச்சு. எண்ணிப் பாருங்கோ" என்றுவிட்டு வெளியே போனான். வாசல் படலை சாத்தும் சத்தம் கேட்டது.

ஸ்ரெல்லா திறப்பைத் தொடவில்லை. தனக்கே கேட்காத குரலில், "நாளைக்கு ஓலை வாசிக்கட்டும், பிள்ளை. நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றாள்.

ஜெயனி படலையைப் பார்த்தபடி இருந்தாள்.

"வாசிக்கட்டோ வேண்டாமோ எண்டு இனி அவரெல்லோ அம்மா சொல்லோணும்."